கிளம்பாத வண்டி: குறிகளை வாசித்தலும் கைகளின் வரலாறும்

1

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் நின்றுகொண்டு எழுதுகிறார்கள். ஒன்று கண்டுபிடிப்பாளனின் மேசை, மற்றது தொழிற்சாலையின் வாசல். யார் கண்டுபிடித்தார்கள், எந்த ஆண்டு உற்பத்தி தொடங்கியது, எவ்வளவு ஏற்றுமதி ஆனது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த இயந்திரம் அதற்குப் பிறகு முப்பது, நாற்பது வருடம் ஓடுகிறதே, நடுவில் எத்தனையோ முறை நின்றுபோகிறதே, அதை யார் மறுபடி ஓட வைத்தார்கள், எப்படி ஓட வைத்தார்கள் என்கிற கேள்வி வரலாற்றுக்குள் வருவதில்லை. இங்கிலாந்து வரலாற்றாளர் டேவிட் எட்ஜர்டன் இதைச் சுட்டிக்காட்டி, புதுமையின் வரலாற்றுக்கு எதிராகப் பயன்பாட்டின் வரலாற்றை, பராமரிப்பின் வரலாற்றை எழுத வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார். நம் சூழலில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. கண்டுபிடித்ததெல்லாம் மேற்கு, நாம் வெறும் நுகர்வோர் என்கிற தாழ்வான சித்திரம், ரிப்பேரைக் கணக்கில் சேர்த்தால் அப்படியே நிற்காது.

இந்தக் கட்டுரை ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறது. பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை என்றால் ஏன் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ‘ஸ்டார்ட்டிங் ட்ரபுள்’ என்று தமிழிலேயே சொல்லிப் பழகிவிட்ட அந்தக் கோளாறு எப்படி ஒரு அறிதல் முறையை உருவாக்கியது? அந்த அறிவு யாரிடம் இருந்தது, ஏன் அது எழுத்தில் ஏறவில்லை? இதெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்கலாம். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த கைகளிலிருந்த அறிவை வரலாறு இல்லை என்று முடிவுகட்டியது யார் என்பதுதான் என்னுடைய கேள்வி.

2

முதலில் பொருளின் கதை. இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி சைக்கிளுக்கு மாறியது. பிறகு என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிப் பாகங்கள் செய்துகொடுத்தது. அந்தத் தொடர்பில் வந்ததுதான் 1893-இல் சூட்டப்பட்ட ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயர். முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வந்தது. ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்ற விளம்பர வாசகமும் புல்லட் என்ற பெயரும் பேரரசின் ஆயுதக் கிடங்கு விட்டுச்சென்ற தடயங்கள். ஊசி, துப்பாக்கி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று போகும் இந்த வரிசையே காலனியத்தின் ஒரு சிறுகதை மாதிரி இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் ராணுவம் எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேடியது. மெட்ராஸ் மோட்டார்ஸ் 1950-களின் தொடக்கத்தில் புல்லட்டை இறக்குமதி செய்து கொடுத்தது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சிசி, ஒற்றை சிலிண்டர், தள்ளுதண்டு வால்வு என்ற எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை.

அங்கே என்ன ஆயிற்று? ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முடிந்துபோனது. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. மூலம் செத்துவிட்டது, நகல் உயிரோடிருந்து மூலத்தின் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனது. ‘அசல்’, ‘போலி’ என்கிற எதிர்மறைகளைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே அது தகரத்திலும் வார்ப்பிரும்பிலும் நடந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு சிக்கல் உண்டு. 1950-களின் எஞ்சினை அரை நூற்றாண்டு தொடர்ந்து செய்தால் 1950-களின் கோளாறுகளும் கூடவே வரும். உலகின் பிற பகுதிகளில் மியூசியத்துக்குப் போய்விட்ட நோய்கள் நம் தெருவில் அன்றாடம் நடமாடின. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற லேசான ஜப்பானியத் தொழில்நுட்ப வண்டிகள் வந்தபோது, மெல்ல உதைத்தால் போதும், வண்டி கிளம்பும் என்பதே மக்களுக்கு ஒரு அதிசயமாக இருந்தது. புல்லட்காரர்களோ காலையில் வண்டியோடு ஒரு சடங்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். பழைய நோய்கள் நீண்ட காலம் தங்கியதால்தான் அவற்றை வாசிக்கும் கலையும் இங்கே நீண்ட காலம் தங்கியது.

3

அந்தச் சடங்கைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். ஏனென்றால் சடங்குக்குள்தான் அறிவு ஒளிந்திருக்கிறது.

புல்லட்டின் முகப்பில் ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் அதன் முள் கழித்தல் பக்கம் சாயும், பிறகு நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் என்று சொல்லப்படும் தொடுமுனைகள் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போகிறது, முள் சாய்கிறது. பாயிண்ட் திறந்தால் மின்சாரம் அறுபடுகிறது, முள் நடுவுக்கு வருகிறது. அறுபடும் அந்தக் கணத்தில் காயிலின் காந்தப் புலம் சட்டென்று குலைந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கின் இடைவெளியில் பொறியாகத் தாவுகிறது. அதாவது பொறி பிறப்பது மின்சாரம் பாய்வதால் அல்ல, பாய்ந்துகொண்டிருந்தது நிற்பதால். முள் நடுவுக்கு வந்ததென்றால் பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஸரை இழுத்து, அமுக்கத்தைத் திறந்துவிட்டு, பிஸ்டனை உச்சிக்கு மேலே ஒரு மயிரிழை தாண்டவைத்து, கிக்கரை மறுபடி மேலே கொண்டுவந்து, ஒரே முழு உதை. வெறும் பலத்தை நம்பி உதைக்கிறவன் கணுக்காலில் திருப்பி வாங்குவான்.

இப்படிச் செய்தும் கிளம்பவில்லை என்றால்? பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். சரியான கலவை, போதுமான அமுக்கம், சரியான நேரத்தில் பொறி. கோளாறு இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்க முடியும். நல்ல மெக்கானிக் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் மலிவிலிருந்து விலை கூடியதை நோக்கி வரிசையாகப் பார்த்துவிடுவார். டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, டாங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதா? பிறகு நாலைந்து உதை உதைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்பரேட்டரில் அடைப்பு. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறியில் கோளாறு, அல்லது அளவுக்கு மேல் குடித்துவிட்டது. அதே பிளக்கை வயரில் மாட்டி சிலிண்டர் ஹெட்டில் சாய்த்துவைத்து உதைப்பார். நீலமாக, சத்தத்தோடு தாவினால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் காயிலையோ கண்டென்சரையோ சந்தேகப்பட வேண்டும்.

பொறியே வரவில்லை என்றால் மறுபடி ஆம்பியர் மீட்டரிடம் போக வேண்டும். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் மின்சாரமே போகவில்லை. பேட்டரி செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், பாயிண்டில் அழுக்கு ஏறித் தொடாமல் இருக்கலாம். முள் கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ உடம்பில் ஷார்ட் ஆகியிருக்கிறது. முள் ஒழுங்காகப் போய்வந்தும் பொறி இல்லை என்றால் முதல்நிலைச் சுற்று சரி; கோளாறு கண்டென்சரில், காயிலின் இரண்டாம் சுற்றில், பிளக் வயரில் அல்லது பிளக்கில். ஒரே ஒரு முள்ளின் மூன்று நிலைகள். இதற்கு மேல் சுருக்கமான ஒரு குறியமைப்பை நான் எந்த அமைப்பியல் கட்டுரையிலும் படித்ததில்லை. சஸ்யூர் சொன்ன மாதிரி, தனித்த ஒரு நிலைக்கு அர்த்தம் இல்லை. நடுவில் நிற்கும் முள் நல்லதா கெட்டதா என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாய்ந்து திரும்புகிறதா என்கிற வித்தியாசம்தான் அர்த்தம்.

4

வித்தியாசம் என்பது வரலாற்றுக்கும் உரியது. 1885-இல் டைம்லர் செய்த முதல் பெட்ரோல் இருசக்கர வண்டியில் பொறியே கிடையாது. ஒரு குழாயைச் சுடரால் சூடாக்கி அந்தச் சூட்டில் கலவையைப் பற்றவைத்தார்கள். அங்கே ‘கிளம்பவில்லை’ என்றால் சுடர் அணைந்திருக்கும். 1902-இல் பாஷ் கம்பெனியில் ஹோனால்டு உயர் அழுத்த மேக்னட்டோவைக் கொண்டுவந்தார். பேட்டரி இல்லாமல், சுழலும் காந்தமே மின்சாரம் உண்டாக்கிப் பொறி கொடுத்தது. ஆரம்பகால ரெட்டிச் புல்லட்களில் இருந்ததும் மேக்னட்டோதான். மேக்னட்டோவுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகச் சுற்றினால் பொறி மெலியும். ஆகவே அரைகுறை உதைக்குப் பொறி வரவில்லை என்றால் முதல் சந்தேகம் உதைப்பவன் மேல். பிறகு வந்த பேட்டரி–காயில் முறையில் நேர் எதிர். மெதுவான உதைக்கும் நல்ல பொறி வரும், ஆனால் பேட்டரி இறங்கிவிட்டால் எவ்வளவு வேகமாக உதைத்தும் பயனில்லை. அறிகுறி ஒன்றே, நோய் வேறு. எந்தக் காலத்து வண்டி என்று தெரியாமல் அறிகுறிக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

பிளக்கின் நிறமும் அப்படித்தான். கரி கட்டினால் கலவையில் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எண்ணெய் ஏறி மினுங்கினால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. எல்லாப் பட்டறையிலும் தெரிந்த பாடம் இது. ஆனால் இந்தப் பாடம் ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் உருவானது. 2000-இல் இந்தியா முழுக்க ஈயமற்ற பெட்ரோல் வந்ததும், நல்ல எஞ்சினின் பிளக்கில் வழக்கமாகப் படிந்த நிறமே மாறிப்போனது. பழைய கண்ணால் புதிய நிறத்தை வாசித்தால் இல்லாத நோய் தெரியும். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைப் பதம் பார்க்கும். மாதக்கணக்கில் நின்ற புல்லட் கிளம்பாததற்கு ரெட்டிச் புத்தகத்தில் இல்லாத காரணம் இது. பட்டறைகள் இதை எந்தப் புத்தகமும் இல்லாமல், ஊறி உப்பிய வாஷர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இத்தாலிய வரலாற்றாளர் கார்லோ கின்ஸ்பர்க் 1979-இல் தடயங்கள் பற்றி எழுதிய கட்டுரை இங்கே உதவும். ஓவியத்தில் காது மடலையும் நகத்தையும் பார்த்து ஓவியனை அடையாளம் கண்ட மொரெல்லி, சாம்பலைப் பார்த்துக் குற்றவாளியைச் சொன்ன ஷெர்லக் ஹோம்ஸ், வாய் தவறி வந்த சொல்லைப் பிடித்துக்கொண்ட ஃபிராய்ட், இந்த மூவருக்கும் பின்னால் காலடித் தடத்தை வாசித்த வேட்டைக்காரனின் தொன்மையான அறிவு இருக்கிறது என்கிறார் அவர். அளந்து, பொதுமைப்படுத்தி, விதி சொல்லும் அறிவியல் ஒரு பக்கம். சின்னத் தடயத்திலிருந்து தனிப்பட்ட ஒன்றை ஊகிக்கும் அறிவு மறுபக்கம். மருத்துவம் இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறது. கின்ஸ்பர்க்கின் பட்டியலில் மெக்கானிக் இல்லை. சேர்க்க வேண்டும் என்கிறேன். ‘புல்லட் பொதுவாக ஏன் கிளம்பாது?’ என்பது கம்பெனிப் புத்தகத்தின் கேள்வி. ‘இந்த வண்டி இன்றைக்குக் காலையில் ஏன் கிளம்பவில்லை?’ என்பது பட்டறையின் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல.

5

அப்படியானால் கம்பெனிப் புத்தகம் தேவையில்லையா? அப்படிச் சொல்வது ரொமாண்டிக் சறுக்கல். பாயிண்ட் இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்று சொல்ல எண் வேண்டும். அதை எந்த விரலும் உணராது. ஆனால் இதே பிரதியில் எண் கைவிட்டு ஓடும் ஓர் இடம் இருக்கிறது. புல்லட்டின் தள்ளுதண்டுகளைச் சரிசெய்யும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இடைவெளி சுழியமாக இருக்க வேண்டும், ஆனால் தண்டு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும் என்பது விதி. எவ்வளவு தடை தடையாகும் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும், வண்டி கிளம்பாது. ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து பேசிய பிரதி, மிக முக்கியமான இடத்தில், இங்கிலாந்துத் தொழிலாளியின் விரலிடம் போய் நிற்கிறது. தன்னால் எழுத முடியாததைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பிரதி இது. மைக்கேல் போலன்யி ‘சொல்லக்கூடியதைவிட அதிகம் தெரிந்துவைத்திருத்தல்’ பற்றிப் பேசியது இந்த விரலைப் பற்றித்தான்.

டைமிங் வைப்பதும் அப்படியே. பாயிண்டுகளுக்கு நடுவே சிகரெட்டு டப்பாவின் மெல்லிய தாளைச் செருகி, லேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றுவார்கள். தாள் நழுவும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். விலை கூடிய கருவி செய்யும் வேலையைத் தூக்கிப்போடும் ஒரு தாள் செய்கிறது. பட்டறையில் எதுவும் வீணாவதில்லை என்பது வறுமையின் கதை மட்டுமல்ல, அறிவின் கதையும்கூட.

இந்த அறிவு எப்படிக் கைமாறியது? ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் அமெரிக்காவில் ஜெராக்ஸ் இயந்திரம் ரிப்பேர் செய்பவர்களோடு இருந்து ஆராய்ந்து 1996-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கம்பெனி கொடுத்த கோளாறு அட்டவணை அவர்களுக்குப் பாதிதான் உதவியது. மீதியை அவர்கள் காபி குடிக்கும்போது ஒருவருக்கொருவர் சொன்ன கதைகள் கொடுத்தன. ரிப்பேர் என்பது ஒரு கதையாடல் செயல்பாடு என்பது அவருடைய முடிவு. நம்ம ஊரில் காபிக்குப் பதில் டீ. அவ்வளவுதான் வித்தியாசம். ‘இப்படித்தான் ஒரு வண்டி வந்துச்சு. பொறி வருது, பெட்ரோல் வருது, கம்ப்ரஷன் மட்டும் நிக்கல. ஹெட்டையே இறக்கிட்டாங்க. கடைசில பார்த்தா டீகம்ப்ரஸர் கேபிள் இறுக்கமா இருந்திருக்கு, வால்வு லேசா திறந்தே இருந்திருக்கு’ என்கிற மாதிரிக் கதைகள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு நீதி உண்டு: திருப்புளியால் முடிவதற்கு ஸ்பேனரை எடுக்காதே.

6

தமிழ் படித்தவன் என்கிற முறையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இந்தக் கதைகளின் மொழி. 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தது. அது ஒரு மகத்தான வேலை, அதில் சந்தேகமில்லை. அதே ஆண்டுகளில்தான் திருவொற்றியூரில் புல்லட் தமிழ் பேசத் தொடங்கியது. ஒரே நகரம், ஒரே காலம். ஏட்டுத் தமிழ் பிஸ்டனை ‘உந்துதண்டு’ என்றது, பிளக்கைத் ‘தீப்பொறிச் செருகி’ என்றது. பட்டறையோ பிஸ்டன், பிளக் என்றே வைத்துக்கொண்டது. இதைப் பார்த்து, பட்டறைத் தமிழ் கலப்படத் தமிழ் என்று நம் தமிழாசிரியர்கள் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் கவனித்துக் கேளுங்கள். ‘பிளக் கரி கட்டியிருக்கு’, ‘பாயிண்ட் தீஞ்சுபோச்சு’, ‘கார்பரேட்டர் மூச்சுமுட்டுது’, ‘எஞ்சின் இருமுது’, ‘வண்டி திக்குது’, ‘கிக்கர் திருப்பி அடிக்குது’, ‘சூடானா பிடிக்க மாட்டேங்குது’. பெயர்கள் கப்பலில் வந்தவை. வினைகள் இங்கே பிறந்தவை, பெரும்பாலும் உடம்பிலிருந்து எடுத்தவை. நோயறிதல் இருப்பது பெயரிலா வினையிலா? ‘கார்பரேட்டர்’ என்கிற சொல் எதையும் கண்டுபிடிக்க உதவாது. ‘மூச்சுமுட்டுது’ என்கிற சொல் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறது. ‘இருமுது’ என்றால் கார்பரேட்டர் வழியாகத் திருப்பித் துப்புகிறது; ‘திருப்பி அடிக்குது’ என்றால் பொறி முந்திவிட்டது. தொல்காப்பியர் பெயரையும் வினையையும் தனித்தனி இயலாகப் பிரித்துவைத்தார். நம்முடைய கலைச்சொல்லாக்கமோ பெயரியலோடு நின்றுவிட்டது. வினையியலைப் பட்டறைதான் எழுதியது, வாயால்.

மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதிய ஃபூக்கோ, ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்ட மருத்துவர் ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கியதில் ஒரு யுகமாற்றத்தைப் பார்த்தார். நம் மெக்கானிக்குகள் இன்னும் வண்டிக்காரனிடம் ‘என்ன பண்ணுது?’ என்றுதான் கேட்கிறார்கள். நாட்டு வைத்தியர் கேட்ட கேள்வி அது.

7

இங்கே நிறுத்தினால் கட்டுரை ஒரு புகழ்மாலை ஆகிவிடும். நிறுத்தக்கூடாது. கைகளின் அறிவைப் போற்றுகிறவர்கள் அந்தக் கைகள் எப்படிப் பழக்கப்பட்டன என்பதைப் பேசுவதில்லை. நம் பட்டறைகளில் தொழில் கற்றவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த சிறுவர்கள். டீ வாங்கப் போவது, மண்ணெண்ணெயில் பாகம் கழுவுவது, பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது என்று தொடங்கி, கெட்ட வார்த்தைக்கும் ஸ்பேனர் அடிக்கும் நடுவே பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். ‘சொல்லித் தர முடியாத அறிவு’ என்று தத்துவம் பேசும்போது, சொல்லித் தர மறுக்கப்பட்ட அறிவும் அதற்குள் கலந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. டைமிங் வைக்கும்போது பையனை வேறு வேலைக்கு அனுப்பிவிடும் முதலாளிகளின் கதை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். பெண்கள் இந்த வரலாற்றில் பில்லியனுக்கு மேல் நகரவே இல்லை.

இதற்கும் மேலே ஒரு கேள்வி. ராபர்ட் பிர்சிக் 1974-இல் எழுதிய மோட்டார் சைக்கிள் தத்துவப் புத்தகம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அதில் சிந்திக்கிறவன் வண்டியின் சொந்தக்காரன். மெக்கானிக்குகள் அக்கறையின்றி வேலையைக் கெடுப்பவர்கள். கை வேலையும் மூளை வேலையும் மறுபடி ஒரே ஆளிடம் சேர்கின்றன, ஆனால் அந்த ஆள் ஏற்கெனவே எழுதத் தெரிந்தவன். ஹாரி பிரேவர்மன் அதே 1974-இல் வெளியிட்ட புத்தகம் வேறு பக்கமிருந்து வந்தது. செப்புக் கம்மியராகப் பயிற்சி பெற்ற அவர், திட்டமிடுதலைத் தொழிலாளியிடமிருந்து பறித்து அலுவலகத்தில் குவித்ததுதான் டெய்லரியம் என்று காட்டினார். இந்தியாவில் டெய்லர் வருவதற்கு முன்பே அந்தப் பிரிவினையை ஒரு அமைப்பு செய்து முடித்திருந்தது. கையில் மை படுகிறவன், கையில் எண்ணெய் படுகிறவன் என்று பிறப்பிலேயே பிரித்துவைத்த சாதி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் தீதரோ கலைக்களஞ்சியத்துக்காகப் பட்டறைகளுக்குப் போய்க் கம்மியர்களிடம் கேட்டு எழுதினார் என்றால், அது அறிவின் எல்லையை மீறிய ஒரு நடை. நம் பக்கம் ஜி. டி. நாயுடு இளம்வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றார் என்று சொல்வார்கள். அது தனிமனிதச் சாகசமாகக் கொண்டாடப்பட்டது. பிரித்துப் பூட்டிய ஆயிரக்கணக்கான பெயரில்லாதவர்களின் அறிவு அறிவு என்றே பதிவாகவில்லை.

8

இப்போது இந்த அறிவின் பொருளே மறைந்துகொண்டிருக்கிறது. 2000-களில் புல்லட்டில் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பு வந்தது. செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்ததும் கார்பரேட்டரும் போயிற்று. 2023-இல் வந்த புதிய புல்லட் 350-இல் கிக்கரே கிடையாது. வண்டி கிளம்பவில்லை என்றால் ஒரு விளக்கு எரியும், கம்பெனியின் கருவியைச் செருகினால் அது ஒரு எண்ணைச் சொல்லும்.

இதை அழிவு என்று அழத் தேவையில்லை. எண் சரியாகவே சொல்கிறது, கணுக்கால்கள் தப்பின, புகை குறைந்தது. ஆனால் அதிகாரம் இடம் மாறியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆம்பியர் மீட்டரின் முள்ளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புதிய எண்ணைப் படிக்கும் முழு உரிமை கருவியை வைத்திருப்பவனிடம் இருக்கிறது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் எந்தப் பாகத்துக்கும் மாற்றுத் தேடிவிடலாம் என்றிருந்த நம்பிக்கை, பூட்டப்பட்ட மென்பொருள் முன்னால் செல்லாது. ரிப்பேர் செய்யும் உரிமைக்காக உலகின் பல நாடுகளில் இன்று நடக்கும் போராட்டங்களின் சாரம் இதுதான். அறிகுறியை வாசிக்கும் உரிமை யாருக்கு?

ஆகவே நான் கேட்பது பழைய புல்லட்டைப் பாதுகாக்க அல்ல. அதைப் பணம் உள்ள சேகரிப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாலிஷ் போட்டு, ஓட்டாமல். நான் கேட்பது அந்த வினைச்சொற்களை. நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க ஊர் ஊராகப் போன தமிழ்த்துறைகள் பட்டறைக்கும் போகட்டும். அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் முன்னால் கிளம்பாத ஒரு வண்டியை நிறுத்தி, அவர் எதை முதலில் தொடுகிறார், எதைக் கேட்டுத் தலையசைக்கிறார், என்ன சொல்லித் திட்டுகிறார் என்று வரிசையாக எழுதிவைக்கட்டும். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்தி வாங்கட்டும். அவர் பெயரையும், அவர் சம்மதித்தால், ஆசிரியர் என்கிற இடத்தில் போடட்டும். இதைச் செய்ய நிதி நல்கையோ கருத்தரங்கோ தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கைகள் இன்னும் இருக்கும்போதே செய்ய வேண்டும்.